ஹெல்ம்ஸ் சகோதரர்கள் அடைத்த வாசல்

மெஹர் நிஷா அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, வரைந்தவன் ஒரு கோட்டைப் போட மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

கிரேடன் ஊர் நூலகத்தின் பின்னறையில், 1911ஆம் வருடத்து மெயின் ஸ்ட்ரீட் மேசைமேல் விரிந்து கிடந்தது. தீப்பிடித்தால் எந்தக் கட்டடம் எப்படி எரியும் என்று தெரிந்துகொள்வதற்காக அந்தக் கால இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராக ஆள் அனுப்பி வரைய வைத்த படம். செங்கல் கட்டடம் என்றால் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் என்றால் மஞ்சள். ஒவ்வொன்றின் மேலும் அங்கே நடந்த வியாபாரம் பொடி எழுத்தில் இருந்தது. வங்கி, மருந்துக்கடை, குதிரைச் சேணம் தைக்கிற இடம், பெண்களின் தொப்பிக்கடை, மாடியில் ஒரு பல் டாக்டர். ரயில் நிலையத்துப் பக்கம் பருத்திக் கிடங்கு.

அவள் தேடி வந்தது 112ஆம் எண். அவளும் கணவன் இனாயத்துல்லாவும் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடம். வரும் சனிக்கிழமை ஊர் உருவான நாளைக் கொண்டாடும் ஃபவுண்டர்ஸ் டே ஊர்வலத்தன்று அதில் அவர்களுடைய பேக்கரி திறப்பதாக இருந்தது. நூறு வருடத்துக்கு முன் தங்கள் கட்டடத்தில் யார் கடை வைத்திருந்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, கண்ணாடியில் ஒட்டி வைக்கும்படி ஊர் வரலாற்றுச் சங்கம் எல்லாக் கடைக்காரர்களையும் கேட்டிருந்தது. "பன்னுக்கு மாவு பிசையறவன் எங்க போய் ஹிஸ்டரி எழுதறது? நீயே பார்த்துக்கோ" என்று இனாயத்துல்லா அவள் தலையில் கட்டிவிட்டான்.

112இல் ஹெல்ம்ஸ் சகோதரர்களின் இரும்புச் சாமான் கடை. பக்கத்தில் 114இலும் அவர்களே. அங்கே மேசை நாற்காலிகளும் சவப்பெட்டிகளும். அந்தக் காலத்தில் மர வேலை தெரிந்தவன்தான் சவப்பெட்டியும் செய்தான், அடக்கமும் நடத்தி வைத்தான் என்று நூலகர் சொன்னார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர். அந்தச் சுவரைக் காட்டும் கனத்த கோடு தெருவிலிருந்து பின்பக்கம்வரை ஓடி, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அறுந்து, மறுபடி தொடர்ந்தது.

"இங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதே?" என்று கேட்டாள்.

நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "விட்டுப்போகவில்லை. கோடு இல்லையென்றால் அங்கே சுவரும் இல்லை. கடைக்குக் கடை போக வழி வைத்திருக்கிறார்கள். பெரிய வழிதான், பன்னிரண்டு அடி இருக்கும்."

அந்த வழி என்ன ஆயிற்று என்பது பழைய செய்தித்தாளில் கிடைத்தது. 1913 மார்ச் மாதம், முட்டை விலைக்கும் மாதா கோவில் விருந்து அறிவிப்புக்கும் நடுவில் மூன்று வரி. ஹெல்ம்ஸ் சகோதரர்கள் இனித் தனித்தனியே வியாபாரம் செய்வார்கள். இரு கடைகளுக்கும் இடையிலிருந்த வளைவு இந்த வாரம் அடைக்கப்பட்டது. அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை என்று அதில் இல்லை. மெஹருக்குச் சிரிப்பு வந்தது. ஊர்க்காரர்கள் நின்று படிக்க நல்ல விஷயம்தான் என்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள்.

நூலகத்திலிருந்து கடைக்கு இரண்டு பிளாக் நடை. தெருவுக்குக் குறுக்கே ஏற்கனவே தோரணம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பாதி வழியில் அவளுக்கு அந்த இடைவெளி மறுபடி நினைவுக்கு வந்தது. தெருவிலிருந்து எவ்வளவு தூரம்? படத்தில் கட்டடத்தின் நீளம் எண்பது அடி என்று எழுதியிருந்தது. கோடு அறுந்த இடம் அதில் பாதிக்குக் கொஞ்சம் முன்னால். முப்பதடி தாண்டி.

கடைக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டே போனாள். எண்ணி முடித்த இடத்தில், பெரிய ஓவனுக்கு எதிரே, அந்த விரிசல் இருந்தது.

ஆகஸ்டில் அவர்கள் சாவி வாங்கியபோது அது தலைமுடி அளவுதான். இனாயத்துல்லா பூச்சு பூசி வெள்ளை அடித்தான். மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி பூசினான். இப்போது அது தரையிலிருந்து ஏறி, தலைக்கு மேலே வளைந்து, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. இதுவரை அது வெறும் கோணல் கோடாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. இப்போது வளைவாகத் தெரிந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்" என்றாள்.

இனாயத்துல்லா மாவுக் கையோடு வந்தான். நாற்பத்தாறு வயது. அவர்கள் வீடு இருந்த ரவுண்ட் ராக்கில் ஒரு பெரிய கம்பெனியில் பதினேழு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவன். ஒரு புதன்கிழமை காலை பதினைந்து நிமிட வீடியோ காலில் வேலை போனது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் வேலை தேடி அலுத்து, தனக்குப் பிடித்த பேக்கிங்கை வைத்தே பிழைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, ரவுண்ட் ராக்கிலிருந்து நாற்பது நிமிட டிரைவில் இருந்த இந்தச் சின்ன ஊரில் கடை பிடித்திருந்தான்.

அவள் மொபைல் படத்தைக் காட்டி, விரலால் சுவரைக் காட்டினாள். அவன் இரண்டையும் பார்த்தான்.

"சரி, இங்க ஒரு வாசல் இருந்துச்சு. அடைச்சுட்டாங்க. அதுக்கென்ன?"

"எப்படி அடைச்சாங்கன்னு தெரியலையே. விரிசல் அதே ஷேப்ல இருக்கு பாருங்க. காலைல காலைல டிரேல தூசி கிடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பழைய பில்டிங்னா தூசி விழத்தான் செய்யும், மெஹர். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. ஹெல்த் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சாச்சு, போர்டு மாட்டியாச்சு. இப்ப போய் புதுசா ஒண்ணைக் கிளப்பாதே."

அவன் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அவள் மொபைலைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை பக்கத்துக் கடையிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. 114இல் ஷெரில் என்ற அம்மாள் முப்பது வருடமாகத் திருமண உடைகளும் கவ்பாய் பூட்ஸும் விற்றுக்கொண்டிருந்தாள். அறுபத்தேழு வயது, கட்டடமும் அவளுடையதே. இவர்கள் வந்த முதல் வாரம் பூசணி வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றைச் செய்து கொண்டுவந்து கொடுத்து, ஊரில் யாரிடம் பிளம்பிங் வேலை கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லித் தந்தவள். ஊர்வலத்தைப் பார்க்க அவளுடைய மாடிதான் ஊரிலேயே வசதியான இடம். ஒவ்வொரு வருடமும் அங்கே விருந்து வைப்பாள்.

மெஹர் எட்டிப் பார்த்தாள். கடைக்குள் ஒரே மரத்தூள். பொதுச்சுவரை ஒட்டி நின்றிருந்த உயரமான பழைய கண்ணாடி அலமாரி காணாமல் போயிருந்தது.

"எப்படி இருக்கிறது, பார்!" என்று ஷெரில் கையை விரித்தாள். "எவ்வளவு இடம்! இத்தனை வருடமாக அந்த ராட்சசனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மணப்பெண்கள் கண்ணாடி முன்னால் திரும்பக்கூட இடம் இல்லை."

அலமாரி இருந்த இடத்தில் சுவர் பூச்சில்லாமல் செங்கலாக நின்றது. இரண்டு முனையிலும் தரைப் பலகையில் புதிதாக அறுக்கப்பட்ட இரண்டு மரத் துண்டுகள், ஒவ்வொன்றும் தொடை கனம், வெட்டிய மரத்தின் அடிபோலத் தெரிந்தன. மேலே கூரைக்கு அருகிலும் அதே போல இரண்டு.

"இது என்ன?" என்று மெஹர் கேட்டாள்.

"அலமாரிக்குள் இரண்டு தூண் மாதிரி வைத்திருந்தார்கள். வேலையாள் அறுத்து எடுத்துவிட்டான். வெறும் அலங்காரத்துக்கு இவ்வளவு கனமான மரமா என்று அவனே சிரித்தான்."

மெஹர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். மாடித் தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் எல்லாம் வந்து இறங்குவது இந்தச் சுவரின் மேல்தான்.

"ஷெரில், சனிக்கிழமை மாடியில் எத்தனை பேர் வருகிறார்கள்?"

"அறுபத்திரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் உன் மகள் நிதாவை அழைத்துக்கொண்டு வர வேண்டும்."

மெஹர் படத்தைக் காட்டினாள். செய்தித்தாளின் மூன்று வரிகளையும் படித்துக் காட்டினாள். அந்தத் தூண்கள்தான் வளைவின் பாரத்தைத் தாங்கியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது, ஒருமுறை தெரிந்தவர்களை அழைத்துக் காட்டிவிடலாமே என்று முடிந்தவரை பணிவாகச் சொன்னாள். ஷெரிலின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"கண்ணே, என் கணவர் இந்தச் சுவரைப் பார்த்திருக்கிறார், அவருடைய அப்பா பார்த்திருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் நின்ற சுவர் இது. நீங்கள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை."

இவர்களுடைய கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் போனில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். ஊர்வலம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் மெஹர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் போகவில்லை. பதினைந்து வயது மகள் நிதா எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மா, யூ ஓகே?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிடு."

நிதா எழுந்து போன பிறகு அவள் கணவனிடம் சொன்னாள். "நான் பத்மநாபன் அண்ணனைக் கூப்பிடப் போறேன்."

பத்மநாபன் ரவுண்ட் ராக்கில் இவர்களுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவர். கட்டடங்களின் உறுதியைப் பார்த்துச் சொல்கிற, லைசன்ஸ் பெற்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். பாலங்களும் பள்ளிக்கூடங்களும்தான் அவர் வேலை.

இனாயத்துல்லா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவர் வந்து பார்த்து, ஏதாவது இருக்குன்னு சொன்னா?"

"சொன்னா தெரிஞ்சுடும்ல."

"தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியாது, மெஹர். அதான் சொல்றேன். ஊரே அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நம்ம பேரைப் பார்த்தே பாதிப் பேர் யோசிக்கிறான். வந்த உடனே அவங்க திருவிழாவை நிறுத்தின ஆளுங்கன்னு ஆயிட்டா, அப்புறம் யார் நம்ம கடைக்கு வருவா? கடையும் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

"மேல அறுபத்திரண்டு பேரு நிப்பாங்க மச்சான்."

அவன் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "கூப்பிடு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பத்மநாபன் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வர முடிந்தது. காரிலிருந்து இறங்கும்போதே, "பாய், எனக்கு மட்டன் பஃப்ஸ் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தார். கைவிரல் கணுவால் தட்டினார். ஒரு டார்ச்சை விரிசலோடு ஒட்டிப் பிடித்து உள்ளே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய இரும்பு அளவுகோலை எடுத்து விரிசலுக்குள் விட்டார். அது தடையில்லாமல் முழுவதும் உள்ளே போனது. அப்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அந்தப் பக்கம் பார்க்கணும்" என்றார்.

ஷெரில் வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்துவிட்டாள். அறுபட்ட மரங்களை அவர் மண்டியிட்டுப் பார்த்தார். மாடிக்குப் போய் ஒரு கோலிக்குண்டு போன்ற எதையோ தரையில் வைத்தார். அது தானாகவே பொதுச்சுவரை நோக்கி உருண்டது. வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

நடைபாதைக்கு வந்த பிறகுதான் பேசினார். முதலில் தமிழில். "ஓவனை ஆஃப் பண்ணிட்டு வெளியே வந்துடுங்க பாய். இப்பவே. எதையும் எடுக்க வேண்டாம்."

பிறகு ஷெரிலிடம் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். வளைவை அடைத்தவர்கள் சுவரோடு பிணைக்காமல் வெறுமே செங்கலை அடுக்கிவிட்டிருக்கிறார்கள். பிற்பாடு யாரோ அது தள்ளாடுவதைக் கண்டுபிடித்து இரண்டு தூணும் மேலே ஒரு மரமும் கொடுத்து முட்டு வைத்து, அது அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று அலமாரி கட்டி மறைத்திருக்கிறார்கள். இப்போது முட்டு இல்லை, பழைய வளைவும் விட்டுப்போயிருக்கிறது. மாடியின் பாரம் முழுவதும் அந்தத் தளர்ந்த செங்கல்கள்மேல் இருக்கிறது. எப்போது விழும் என்று தன்னால் சொல்ல முடியாது; பார்த்துவிட்டுச் சொல்லாமல் போகத் தன் லைசன்ஸ் அனுமதிக்காது; நகர அதிகாரியைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"விழும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று ஷெரில் கேட்டாள்.

"முடியாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் விழலாம். ஒரு வருடமும் நிற்கலாம். ஆனால் அறுபது பேர் ஏறினால் எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அது தாங்காது."

நகரக் கட்டட அதிகாரி தோரணம் கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தார். பத்மநாபனோடு உள்ளே போய், பத்து நிமிடத்தில் வெளியே வந்து, இரண்டு கதவிலும் சிவப்புக் காகிதம் ஒட்டினார். இரண்டு கடைக்கும் முன்னால் நடைபாதையில் தடுப்பு வைத்தார்கள். நாளை அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, ஊர்வலம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஷெரில் மெஹரைப் பார்த்தாள். "பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூட என் விருந்து நின்றதில்லை. என் கணவர் இறந்த வருடம்கூட நிறுத்தவில்லை" என்றாள். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட மெஹருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஷெரில் திரும்பிக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

செய்தி ஊருக்குப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் எழுதியவற்றை நிதா காரின் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நகராட்சியைத் திட்டிச் சிலர். ஷெரிலின் இடத்தை வளைத்துப் போடத்தான் இந்த வேலை என்று ஒருவர். வந்த இடத்தில் அடக்கமாக இருக்கத் தெரியாதவர்கள் என்று இன்னொருவர். அதற்கு நாற்பது லைக்.

"அம்மா, தே ஆர் சேயிங் வி மேட் இட் அப். நாம இங்க குடி வந்தா இந்த ஊர் ஸ்கூலுக்குத்தானே நான் அடுத்த இயர் போகணும்?"

"மொபைலை மூடி வை" என்றாள் மெஹர்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. வீட்டில் இருக்கலாம் என்று மெஹர் சொல்லிப் பார்த்தாள். இனாயத்துல்லா கேட்கவில்லை. "தடுப்பைத் தாண்டி யாராவது போனா? சின்னப் பிள்ளைங்க இருப்பாங்க. வா, போலாம்." முந்தின நாள் சுட்டு வைத்திருந்ததெல்லாம் இப்போது பூட்டிய கடைக்குள் இருந்தது. அதனால் வீட்டு அடுப்பில் விடியற்காலையிலேயே நூறு தேங்காய் பன் போட்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தான்.

தெரு நிறைய ஜனம். எல்லாக் கடைக் கண்ணாடியிலும் ஒரு பக்கக் காகிதம். இன்று காப்பிக் கடையாக இருப்பது அன்று வங்கி. இன்று யோகா வகுப்பு நடக்கும் இடத்தில் அன்று கழுதை வியாபாரம். மக்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். 112இன் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் மட்டும் இருந்தது. இனாயத்துல்லா தடுப்புக்கு அருகில் தெருவில் நின்றுகொண்டு, நிழலுக்காக அந்த நடைபாதைப் பக்கம் ஒதுங்க வந்தவர்களை "ப்ளீஸ், அந்தப் பக்கம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருவன் அவனைப் பார்த்துச் சத்தமாக, "எங்கே, இன்னும் விழவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இனாயத்துல்லா ஒரு பன்னை எடுத்து அவனுக்கு நீட்டினான். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

மெஹர் எதிர்ச் சாரியில் மருந்துக்கடைப் படிக்கட்டில் நின்றிருந்தாள். அங்கிருந்து அந்தச் சுவர் தெரியாது. இரண்டு கட்டடத்தின் முகம் மட்டும்தான் தெரியும். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைகள் போயின. பழைய ஃபோர்டு கார்கள் போயின. பிறகு பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் வந்தது. எட்டுப் பெரிய முரசுகள். அவை 112க்கு நேரே வந்தபோது மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்வது இங்கிருந்தே தெரிந்தது.

அப்போது அவள் மனசுக்குள் ஒன்று தோன்றியது. விழட்டும். இப்போதே, இத்தனை பேர் பார்க்க, உள்ளே யாரும் இல்லாதபோது விழுந்துவிடட்டும்.

தோன்றிய மாத்திரத்தில் உடம்பு கூசியது. ஒரு கிழவியின் முப்பது வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது. தன் புருஷனின் கடைசி நம்பிக்கையும் அதற்குள்தான். அவையெல்லாம் இடிந்து மண்ணாகட்டும் என்று, நாலு பேர் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காக நினைத்துவிட்டோமே என்று "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தாள். ஆனாலும் முரசுச் சத்தம் கடந்து போய், கட்டடம் அப்படியே நின்றபோது அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம்தான்.

ஊர்வலம் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மத்தியானத்துக்குள் ஜனம் கலைந்தது. பெட்டிகளில் பாதிக்கு மேல் பன் மீந்திருந்தது. திரும்பும்போது டோல் தாண்டியதும் இனாயத்துல்லா சொன்னான், "நீ செஞ்சது சரிதான். விழலைன்னாலும் சரிதான்." அவன் அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. மெஹர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போன் அடிக்கவில்லை. தான் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று அவள் நூறு தடவை அந்தப் படத்தை மொபைலில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். ஒருவேளை அறுக்கப்பட்டது வெறும் அலமாரிக் காலாகவே இருக்கலாம். பத்மநாபன் நட்புக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பயம் பயத்தைக் குட்டி போட்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முட்டுக் கொடுக்கும் ஆட்கள் இரண்டு லாரியில் வந்தார்கள். நகர அதிகாரி, பத்மநாபன், இவர்கள் இருவர், தள்ளி நின்ற ஷெரில். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

முதலில் இரண்டு கட்டடத்துக்குள்ளும் இரும்புத் தூண்களை வரிசையாக நிறுத்தி மாடிச் சட்டங்களைத் தாங்கவிட்டார்கள். அதற்கே மூன்று மணி நேரம் ஆனது. பிறகுதான் ஒரு ஆள் ஷெரிலின் பக்கத்திலிருந்து சுவரைத் தொட்டான். உளியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தான். அவை தேவைப்படவில்லை. ஒரு செங்கல்லைக் கையால் பிடித்து இழுத்தான். புத்தக அலமாரியிலிருந்து புத்தகம் வருவதுபோல வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதை இழுத்தபோது அவன் பின்னால் துள்ளி விலகினான். வளைவு முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே சரிந்தது.

வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது கனமான மூட்டையை இறக்கிப் போட்டதுபோன்ற ஒரு சத்தம் மட்டும்தான். திறந்திருந்த இரண்டு வாசல்களிலிருந்தும் சிவந்த தூசி தெருவுக்கு வந்தது. உள்ளே இரும்புத் தூண்கள் கிறீச்சிட்டன. யாரோ கத்தினார்கள். அந்த ஆள் இருமிக்கொண்டே, முழுக்கச் சிவப்பாக, தன் காலால் நடந்து வெளியே வந்தான். அதிகாரி அவன் தோளைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். கீறல்கூட இல்லை.

தூசி அடங்க அரைமணி ஆனது. பிறகு 114இன் வாசலிலிருந்து பார்த்தால் 112இன் ஓவன் தெரிந்தது. முட்டு இருந்தும் மாடித் தரை ஒரு கை அளவு இறங்கியிருந்தது. பத்மநாபன் அதைக் காட்டி அதிகாரியிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வேடிக்கை பார்த்த ஏழெட்டுப் பேரும் தடுப்பு வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை "இன்னும் விழவில்லையா" என்று கேட்டவன் அவர்களில் இருந்தான். அவன் இனாயத்துல்லாவிடம் வந்து, "அந்த ரொட்டி இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்றான் இனாயத்துல்லா. சொல்லிவிட்டுச் சட்டென்று காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவதை மெஹர் பார்த்தாள். போகவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டாள்.

ஷெரில் எதிர்ச் சாரியில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில் அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்றுதான் மெஹருக்கு முதலில் தோன்றியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் பேரன் ஆறு வயது" என்றாள் ஷெரில். "எப்போதும் சுவரை ஒட்டித்தான் அவனுக்கு நாற்காலி போடுவேன். அங்கிருந்துதான் குதிரைகள் முதலில் தெரியும்."

மெஹர் அவள் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"நான் உன்னை வெறுத்தேன். இரண்டு நாள், மனதார."

"நானும் ஒன்று நினைத்தேன்" என்றாள் மெஹர். "முரசு அடித்துக்கொண்டு போனபோது, விழட்டும் என்று நினைத்தேன்."

ஷெரில் திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் கண்ணிமையில்கூடத் தூசி படிந்திருந்தது. "நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். மெஹர் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

சுவரைப் புதிதாகக் கட்ட ஆறு மாதம் ஆனது. இனாயத்துல்லாவுக்கு அதற்குள் மூன்று மணி நேர டிரைவில் இருந்த ஃபிரிஸ்கோவில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. வாரத்தில் நாலு நாள் அங்கே அறை எடுத்துத் தங்கினான். வெள்ளிக்கிழமை இரவு திரும்பி, சனிக்கிழமை காலை கிரேடன் சந்தையில் ஒரு மேசை போட்டு பன்னும் பஃப்ஸும் விற்றான். கடையை விட்டுவிடலாமா என்று இருவரும் இரண்டு முறை பேசினார்கள். இரண்டு முறையும் முடிவெடுக்காமல் எழுந்தார்கள். ஏப்ரலில் 112 திறந்தது. முதல் நாளே வரிசை நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் மத்தியானத்துக்குள் டிரே காலியானது.

ஷெரில் கடையைத் திரும்பத் திறக்கவில்லை. உடைகளையெல்லாம் இன்னொருத்தியிடம் விற்றுவிட்டு, மகள் வீட்டோடு போய்விட்டாள். 114ஐ ஒரு இளம் தம்பதி வாங்கிக் குழந்தைகளுக்கான புத்தகக் கடை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். சாவி வாங்கிய அன்று அவர்கள் அறிமுகம் செய்துகொள்ள வந்தார்கள். அந்தப் பெண் மாடியில் கதை சொல்லும் நேரம் நடத்தப் போவதாகவும், சனிக்கிழமை தோறும் முப்பது குழந்தைகளாவது வருவார்கள் என்றும் உற்சாகமாகச் சொன்னாள்.

மெஹர் டீயை அவள் முன்னால் வைத்தாள். "மாடித் தரையை ஆள் வைத்துப் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் புதிதாகக் கட்டினதுதானே?" என்றாள் அந்தப் பெண்.

"சுவர்தான் புதிது" என்றாள் மெஹர். ஒரு காகிதத்தை எடுத்து, பத்மநாபனின் நம்பரை எழுதத் தொடங்கினாள்.